சிலேத்தாரில் விசிறி திரும்பிய சனிக்கிழமை

வெள்ளி, காலை 7 மணி. சாங்கி விமான நிலையத்தில் இறங்கியபோது என் பையில் இரண்டு கிலோ மக்ரூனும் அம்மாவின் ஒரே கேள்வியும் இருந்தன. "அவன் குருமடத்துக்குத் திரும்புவானா, மாட்டானா? வாய்விட்டுக் கேட்டுட்டு வாட்டி." தம்பி அந்தோணி சாமியாருக்குப் படித்தவன். மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டு விமானப் பராமரிப்பு படித்தான். இங்கே வேலைக்கு வந்து நான்கு வருடமாகிறது. எப்படியும் மனசு மாறுவான் என்று தூத்துக்குடியில் அம்மா தினமும் ஜெபமாலை உருட்டுகிறாள்.

ஃபேரர் பார்க்கில் அறை. மாலை ஆறுக்கு அந்தோ வந்தான். சிராங்கூன் சாலையில் தேநீர் ஒரு வெள்ளி அறுபது காசு. டாலரை இங்கே வெள்ளி என்கிறார்கள். அன்றைக்குக் கிழமையும் வெள்ளியாகப் போய் நான் ஒரு நிமிஷம் விழித்தேன். "சூடா இருக்கும்லா, பாத்துக் குடி" என்றான். அந்த 'லா' நம்ம ஊருதா, இந்த ஊருதா, அதுவும் பிடிபடவில்லை.

கேள்வியை எடுக்கப் போனேன், அவன் போன் அடித்தது. பேருந்து இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு மேலதிகாரியிடம் சொன்னான்: "டென்ஷன் ஆகாதீங்க சார். ஃபாதர் ஆகாம நான் விடமாட்டேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கேட்காமலே பதில் வந்துவிட்டதே! அறைக்குத் திரும்பியதும் அம்மாவுக்குச் சொன்னேன். கால் மணி நேரத்தில் அவளே திரும்ப அழைத்தாள். ஞாயிறு முதல் பூசையை நன்றிப் பூசையாக ஒப்புக்கொடுத்து, அவன் பெயரையும் எழுதிக்கொடுத்தாயிற்றாம். அம்மா வேகம் அப்படி.

சனி, காலை 11. ஃபேரர் பார்க்கில் ஊதா வழி ரயிலேறி, ஹவ்காங்கில் இறங்கி, 102 பேருந்தில் ஜாலான் காயு. அந்தோ வேலை பார்க்கும் சிலேத்தார் விமான நிலையம் அங்கிருந்து பக்கம். ரொட்டிக் கடையில் காத்திருந்தபோது, மூக்கில் விசிறி சுழல ஒரு சிறிய விமானம் கூரைக்கு மேலே போனது. இந்தக் காலத்திலும் விசிறியா என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்கு அந்தோ முகமெல்லாம் பல்லாக வந்தான். "ஆயிடுச்சுக்கா!"

"அதுக்குள்ளயாடா? எந்த மேற்றிராணியார் குருப்பட்டம் கொடுத்தாரு?"

"என்னக்கா உளறுற?"

"நீதானடா நேத்து போன்ல சொன்ன, ஃபாதர் ஆகாம விடமாட்டேன்னு!"

என் தட்டிலிருந்து பிய்த்துப் போட்டிருந்த ரொட்டி அவனுக்குப் புரையேறிவிட்டது. சிரித்தான். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "ஃபாதர் இல்லக்கா. ஃபெதர்."

ஒரு வெளிநாட்டு ராணுவச் சரக்கு விமானம் சர்வீஸுக்கு வந்திருக்கிறதாம். டர்போபிராப் எஞ்சின். "ஜெட்டா, விசிறியா?" என்றேன். "ரெண்டுந்தான். உள்ள ஜெட்டு மாதிரி எரியும், அந்தச் சக்தி வெளிய விசிறியச் சுத்தும்." எனக்கு இன்னும் குழம்பியது. கடை மின்விசிறியின் முன்னால் உள்ளங்கையை விரித்துப் பிடித்தான். காற்று கையைத் தள்ளியது. கையை ஒருக்களித்தான், காற்று பேசாமல் கடந்தது. "பறக்கும்போது ஒரு எஞ்சின் நின்னுட்டா, அந்த விசிறி இப்படித் திரும்பிக்கணும். இல்லன்னா காத்தத் தடுத்து விமானத்தையே இழுத்துடும். அதுதான் ஃபெதர். மூணு நாளா திரும்பாமப் படுத்துச்சு, இன்னிக்குத் திரும்பிடுச்சு."

"அப்ப குருமடம்?"

"இல்லக்கா. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு."

நன்றிப் பூசையைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கு யார்மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை. அவன்மீதா, அம்மாமீதா, என் காதின்மீதா?

ஞாயிறு, காலை 7.30, சாங்கி. அந்தோ வழியனுப்ப வந்திருந்தான். ஊரில் அப்போது ஐந்து மணி. அம்மா கோயிலுக்குக் கிளம்பியிருப்பாள். "நானே சொல்றேன்" என்று அந்தோ போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டான். எஞ்சின், விசிறி, ஃபெதர், ஃபாதர் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி, "நான் திரும்ப மாட்டேம்மா, மன்னிச்சுக்கோ" என்று முடித்தான். போனில், அம்மாவுக்குப் பின்னால் கோயில் மணி கேட்டது. நான் என் பைப்பட்டியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"ஏலே, அந்த எஞ்சினாவது ஃபாதர் ஆச்சா?"

"ஆச்சும்மா. நேத்து."

"அது ஒண்ணாவது ஆச்சே" என்றாள் அம்மா. மூக்கை உறிஞ்சும் சத்தம். "பூசை இருக்கட்டும். உன் பேருக்கே இருக்கட்டும்."