பக்கத்து அறைப் பெண்

முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு நம்புவார்கள் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. அதற்காகக் கோட்டூர்புரத்தில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தோம். மேற்கு மாம்பலத்தில் தையல் கடை வைத்திருக்கும் பாத்திமா அக்கா அன்று வந்திருந்தார்.

"பக்கத்து ரூம்ல இருக்கிற பொண்ணு, அவங்களுக்குக் குடுத்த ஐநூறையும் உங்களை நம்பி அனுப்பிட்டாங்கக்கா. நாங்க அதை ஆயிரத்து ஐநூறாக்கித் தர்றோம். அவங்களுக்குத் திருப்பித் தர்றதும் தராததும் உங்க இஷ்டம்" என்றேன்.

உண்மையில் பக்கத்து அறை காலி. வந்த எல்லோரிடமும் இதே பொய்யைத்தான் சொன்னேன்.

அக்கா யோசிக்கவே இல்லை. ஆயிரத்தை எடுத்து நீட்டினார். "என்னை நம்பி மொத்தத்தையும் குடுத்துச்சே, அதுக்கே கூடப் போகட்டும்."

அந்தப் பணம் எங்கள் பெட்டிக்கே திரும்பியது.

மாலையில் நான் கிளம்பும்போது அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். "அந்தப் பொண்ணு இன்னும் வரலியே. ஒரு டீ வாங்கிக் குடுக்கலாம்னு நிக்கிறேன்."

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அவங்க அப்பவே போயிட்டாங்கக்கா."

"என்னைப் பாக்கணும்னு தோணலியா?" அக்காவின் முகம் வாடிவிட்டது. பிறகு, "பாவம், என்ன அவசரமோ" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ரயில் ஸ்டேஷனை நோக்கி நடந்தார்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஆராய்ச்சிக்குப் பாராட்டு கிடைத்தது. இப்போதும் யாராவது, "உன்னை நம்புறேன்" என்றால், என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.