ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல்

போன வாரம் நான் எழுதாததற்குக் காரணம் மூன்று கிலோகூட இல்லை — என் பேரன்.

மகள் பிரசவம் முடிந்து, ஆந்திர எல்லையில் பிச்சாட்டூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே ஊரைக் கூட்டிவிட்டேன். தூங்கிய குழந்தை வேகவேகமாக மூச்சு விட்டது... சட்டென்று நிறுத்தியது. "மூச்சு நின்னுபோச்சு" என்று அலறினேன். ஐந்தாறு விநாடியில் மறுபடி விட்டது.

"பச்சக் கொழந்த அப்படித்தான் உட்டு உட்டு மூச்சு வாங்கும். இவரு இன்னாவோ நாலு பெத்தவரு மாதிரி..." என்றாள் என் மனைவி. பக்கத்து வீட்டுப் பெண்களும் சிரித்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

அதோடு வாயை மூடிக்கொண்டேன். உங்களிடம் இவ்வளவு பேசுகிறேனே... நேரில் நாலு பேர் இருந்தால் எனக்குக் குரலே வராது.

ஐந்தாம் நாள் காலை. ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தை 'ம்... ம்...' என்று முனகியது. பாலும் சரியாகக் குடிக்கவில்லை.

"முக்குது நைனா. முக்குனா வளருதுன்னு அர்த்தமாம்" என்றாள் மகள். எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. குழந்தை நெளிந்தாலும் வளர்ச்சி, முக்கினாலும் வளர்ச்சி. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் மறுபடி சிரித்தால்?

அப்போதுதான் ஆஷா அம்மா வந்தார். பிறந்த குழந்தைகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் அரசு சுகாதாரப் பணியாளர், தெலுங்குக்காரர். குழந்தையைத் துணியில் இறுக்கிச் சுற்றியிருந்தோம்.

"இப்பதான் தூங்குது, எழுப்பாதம்மா" என்றாள் மனைவி. அவரும் நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

எப்படித்தான் வந்ததோ குரல்... "ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுதும்மா" என்றேன்.

அவர் உட்கார்ந்தார். துணியை அவிழ்த்தார். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுசாக மூச்சை எண்ணினார்.

"அறுபது தாண்டுது அன்னா. மூக்கு விரியுது பாருங்க. விலா எலும்புக்குக் கீழ குழி உழுது. எப்பவோ ஒருவாட்டி முக்குனா பரவால்ல... மூச்சுக்கு மூச்சு வந்தா அது முக்கல் இல்ல. பதண்டி, கெளம்புங்க, திருப்பதிக்குப் போவணும்."

ஆம்புலன்ஸை அவரே கூப்பிட்டார். நுரையீரலில் கிருமி என்றார் டாக்டர். "உதடு நீலமாகுற வரைக்கும் வெச்சிருந்தா கஷ்டம்" என்றும் சொன்னார். பத்து நாள் ஆக்ஸிஜனும் ஊசியும். நேற்று வீடு வந்தோம். பேரன் முனகாமல் தூங்குகிறான்.

ஆஷா அம்மாவுக்கு நன்றி சொல்ல இரண்டு முறை அவர் வீட்டு வாசல் வரை போனேன். இரண்டு முறையும் சும்மா திரும்பிவிட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்... ரொம்ப நன்றிம்மா.

அவருக்குத் தெலுங்குதான் படிக்க வரும் — பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது படித்துக் காட்டுங்கள்.