பொந்தியான் கறுப்பு மண்ணில் ஒரு மர வீடு

இனி ஒருநாளும் மர வீட்டில் குடியிருப்பதில்லை என்று விஜயன் முடிவெடுத்தபோது அவருக்கு மீசைகூட முளைத்திருக்கவில்லை. மலேசியாவில் குளுவாங்கை ஒட்டிய ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர்களுக்கான பலகை வீட்டு வரிசையில், பிறந்து வளர்ந்தவர். வேலைக்கு வந்த கையோடு ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கினார். பின்னர் தெப்ராவில் செங்கல் சுவர் வைத்த வரிசை வீடு ஒன்றை வாங்கினார். விடியுமுன் எழுந்து தொழிற்சாலைப் பஸ்ஸைச் சிங்கப்பூருக்கு ஓட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்துக் கரையேற்றினார். ஓய்வு பெற்றபோது மகள் ஷர்மினி தன் குடும்பத்தோடு அதே வீட்டில்தான் இருந்தாள். வீடு நெருக்கடியாகிவிட்டது.

அவர் மனைவி யோகேஸ்வரி பொந்தியான்காரர். அவருடைய அப்பா அய்யாவு அன்னாசி பயிரிட்ட நிலத்தில் ஒரு துண்டு யோகேஸ்வரியின் பேரில் இருந்தது.

"அங்க ஒரு வீடு கட்டிக்கிட்டுப் போயிடலாங்க. பிள்ளைங்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது" என்றார் யோகேஸ்வரி.

விஜயனுக்கும் அது பிடித்திருந்தது. கல் வீடு, மேலே கான்கிரீட் தளம், முன்னால் கார் நிறுத்த இடம் என்று மனதுக்குள் கட்டியே முடித்துவிட்டார். கனகராஜ் என்ற, வீடு கட்டித் தரும் குத்தகைக்காரரை நிலத்துக்கு அழைத்துப் போனார். கனகராஜ் ஒரு நீளமான இரும்புக் கம்பியை மண்ணில் ஊன்றி இரண்டு கையாலும் அழுத்தினார். கம்பி சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"இது மண்ணே இல்ல அண்ணே. மக்கிப்போன இலையும் வேரும்தான். கறுப்பா பஞ்சு மாதிரி இருக்குது பாருங்க. கல் வீடுன்னா ரொம்ப ஆழத்துக்கு கான்கிரீட் பைல் தூண் அடிக்கணும். அடிச்சா வீடு நிக்கும், சுத்தியுள்ள மண்ணு இறங்கிடும். வாசப்படி அந்தரத்துல தொங்கும்."

சொன்னதோடு நிற்காமல் சாலைக்கு அப்பால் இருந்த ஒரு வீட்டைக் காட்டினார். கார் நிறுத்தும் போர்ச் தனியாகப் பிரிந்து முன்னால் சாய்ந்திருந்தது. சுவர் வெடிப்பில் விரலை நுழைக்கலாம்.

"மரத்துல கட்டுங்க. லேசா இருக்கும். இறங்கினாலும் ஜாக்கி வச்சுத் தூக்கி மட்டம் பண்ணிக்கலாம். ஆனா அது என் வேலை இல்ல. அதுக்கு ஆளு வேற."

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது விஜயன் கேட்டார். "லயத்துல இருந்து வெளிய வந்தது திரும்பவும் பலகைக்குள்ள போய் உக்காரவா?"

"அப்ப எங்கப்பா நிலத்தை வித்துடலாமா? சொல்லுங்க."

விஜயன் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவ எழுந்து போனார்.

ஷர்மினியோடு படித்த பிரேமளா ஜொகூர் பாருவில் கட்டடக் கலைஞராக இருந்தாள். மரத் தூண்களையும் உத்திரங்களையும் எலும்புக்கூடு போல நிறுத்தி, இடையில் சுவர்களைப் பொருத்தும் வீடுகளை வரைந்து பழகியவள். மகளின் வற்புறுத்தலால் இருவரும் அவளைப் பார்க்கப் போனார்கள். யோகேஸ்வரி பெரிய சமையலறை வேண்டும் என்றார், காற்று வேண்டும் என்றார். விஜயன் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா நான் எனக்குப் பிடிச்ச வீட்டைத்தான் போடுவேன்" என்றாள் பிரேமளா. "வேணுங்கிறதைச் சொல்ல வேணாம். எது வேணாம்னு மட்டும் சொல்லுங்க."

விஜயன் நாட்காட்டியிலிருந்து கண்ணை எடுத்துச் சொல்லத் தொடங்கினார். லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவில் ஒரே பலகைச் சுவர்தான். அதுவும் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் இருமினால் கடைசி வீட்டில் கேட்கும். ஒருமுறை அவருடைய அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்த அப்பா சத்தம் போட்டு அழுதார். அம்மா பேச்சியம்மாள் அவர் வாயைப் பொத்திப் பார்த்தும் நிற்கவில்லை. மறுநாள் காலை பொதுக் குழாயடியில் பையன்கள் சிலர் அந்த அழுகையை அப்படியே அழுது காட்டினார்கள்.

"அப்பா தண்ணி வாளியோட எனக்குப் பின்னாலதான் நின்னாரு" என்றார் விஜயன். "அவரும் கேட்டாரு."

பிரேமளா பென்சிலைக் கீழே வைத்தாள். யோகேஸ்வரி கணவனைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதை அவர் கேட்டதே இல்லை. காரில் ஏறிய பிறகுதான், "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"என்னத்தச் சொல்றது" என்று சொல்லிவிட்டு விஜயன் வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த மாதம் பிரேமளா காட்டிய வரைபடத்தில் அறைகளுக்கு நடுவில் இரட்டைச் சுவர் இருந்தது. இரண்டு பலகை அடுக்கு, நடுவில் ஒலியை அடக்கும் பஞ்சு, கூரையைத் தொடும்வரை எங்கும் இடைவெளி இல்லை. படம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் விஜயன் நம்பவில்லை. தாளில் எதையும் வரையலாம் என்றார்.

அதனால் வீட்டைக் கட்டவிருந்த தச்சர் ரோஸ்லி, பொந்தியானில் இருந்த தன் பட்டறையில் அதே சுவரை வைத்து ஒரு சின்ன அறை செய்து வைத்தார். யோகேஸ்வரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விஜயன் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"பேசினியா?"

"பேசினேனே. சத்தமா உங்களைத் திட்டினேன்."

"என்னன்னு?"

"கேக்கலைல்ல? விடுங்க."

ரோஸ்லிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விஜயனின் முகத்தைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே விஜயன் சரி என்று தலையாட்டினார்.

மாவட்ட அலுவலக அனுமதி வந்ததும் குளுவாங் பக்கத்து மர ஆலையிலிருந்து தூண்களுக்குச் செங்கால் என்ற கடின மரமும் பலகைக்கு மெராந்தி மரமும் வந்து இறங்கின. வீட்டின் ஒவ்வொரு துண்டையும் பட்டறையிலேயே அறுத்து, துளை போட்டு, துளைக்குள் நுழையும் நாக்கு செதுக்கி, தரையில் கோர்த்துப் பார்த்துவிட்டுப் பிறகுதான் நிலத்துக்குக் கொண்டுபோவார்கள். முதலில் வேவு பார்க்கத்தான் விஜயன் போனார். ஒரு மூலையில் உட்கார்ந்து, யாரும் அவசரப்படுத்துகிறார்களா என்று கவனித்தார். இரண்டாவது வாரம் ரோஸ்லி ஒரு கத்தியையும் ஒரு கட்டு மரத்துண்டுகளையும் அவர் முன்னால் வைத்தார். உத்திரத்தைத் தூணோடு பூட்டும் மர ஆணிகளைச் சீவ வேண்டும். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலை என்று விஜயன் சீவினார். முதல் நாள் சீவியதில் பாதியை ரோஸ்லி அடுப்புக்கு ஒதுக்கினார். அதன் பிறகு விஜயன் தினமும் வீட்டிலிருந்தே தேநீர் எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினார்.

தூண் நிறுத்தும் நாள் நெருங்கியபோது விடாத மழை. நிலத்துக்குப் போகும் மண் பாதை ஊறிப்போய், கிரேன் லாரியின் முன்சக்கரம் திரும்பும் இடத்திலேயே புதைந்தது. அதை இழுத்து வெளியே எடுக்கவே மாலையாகிவிட்டது. பாதை காயட்டும், ஒரு மாதம் பொறுக்கலாம் என்றார் ரோஸ்லி. விஜயன் தார்ச் சாலையில் நின்றபடியே தன் பழைய கம்பெனி நண்பர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு தொழிற்சாலைப் பஸ் வந்து தார்ச் சாலையில் நின்றது. ஓட்டுநர்கள் இறங்கினார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் இருந்தார்கள். பெரும்பாலோருக்குத் தொப்பை. சேற்றில் பலகை பரப்பி, தூண்களுக்குக் கயிறு கட்டி, தோளில் ஏற்றினார்கள்.

"அலமாக், விஜி, இதுக்கு பஸ்ஸையே தூக்கிடலாம் லா" என்று புலம்பினார் தூணை முன்னால் பிடித்திருந்த நண்பர் ஹேமநாதன்.

யோகேஸ்வரியும் ஷர்மினியும் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களோடு வந்தபோது முதல் தூண்கள் கப்பியில் ஏறி நின்றுவிட்டன. பகலில் உத்திரங்களைக் கோர்த்தார்கள். நடு உத்திரம் மட்டும் மழையில் உப்பி, துளைக்குள் போக மறுத்தது. ரோஸ்லி மேலே ஏறி அமர்ந்து நாக்கை இழைத்தார், தட்டினார், மறுபடி இழைத்தார். கீழே எல்லாரும் கயிற்றைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றார்கள். ஒருவழியாக அது உள்ளே இறங்கியது. ரோஸ்லி மரச் சுத்தியலை நீட்டி விஜயனை ஏணியில் ஏறச் சொன்னார்.

விஜயன் தான் சீவிய ஆணியை வைத்து அடித்தார். கடைசி அடியில் சத்தம் மாறிக் கெட்டியாகக் கேட்டது. உடனே இறங்கிவிடாமல் உத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். அன்னாசி வயலும் அப்பால் சாலையும் தெரிந்தன. கீழே மனைவி ஏணியைப் பிடித்திருந்தார்.

"இறங்குங்க, சாப்பாடு ஆறுது."

"இரு, வரேன்" என்றார். யோகேஸ்வரி ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பொங்கலுக்கு முன் குடி போனார்கள். முதல் வருடத்திலேயே வீட்டின் பின்பக்கம் விரல் கனத்துக்கு இறங்கியது. ரோஸ்லி வந்து தூணடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி மட்டம் பார்த்துவிட்டுப் போனார். மேலே வீட்டுக்குள் யோகேஸ்வரி தோசை சுட்டுக்கொண்டிருந்தார், அடுப்பைக்கூட அணைக்கவில்லை. வாரக் கடைசியில் பேரப்பிள்ளைகள் வந்து ஓடும்போது தரை அதிரும். விஜயன் அதட்டுவார், அவர்கள் கேட்கமாட்டார்கள்.

ஒரு நாள் யோகேஸ்வரி சமையல் மேடைக்கு எதிரே இருந்த சுவரைத் தட்டிக் காட்டினார். "இங்க ஒரு ஜன்னல் இருந்தா நல்லாருக்குங்க. மீன் வண்டி வந்துட்டுப் போறதே தெரிய மாட்டேங்குது."

"பிளான் போட்டப்ப சொல்ல வேண்டியதுதானே?"

"அப்ப மீன் வண்டி இந்தப் பக்கமா வருமுன்னு யாருக்குத் தெரியும்?"

விஜயன் பென்சிலை எடுத்துச் சுவரில் ஒரு கட்டம் வரைந்தார். தூண் எங்கே, சும்மா பலகை எங்கே என்று அவருக்கு இப்போது தெரியும். ஆனாலும் ரோஸ்லிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொண்டார். பலகையைக் கழற்றினார், சட்டம் அடித்தார். ஜன்னல் கதவைத் தொங்கவிட மட்டும் ரோஸ்லி வந்தார். மறுவாரம் மீன்காரர் ஹார்ன் அடிக்கும் முன்பே யோகேஸ்வரி ஜன்னலிலிருந்து கையசைத்தார்.

"கெம்போங் மீன் இருக்கா?"

இருக்கிறது என்று தலையாட்டினார் மீன்காரர். விஜயன் செருப்பை மாட்டிக்கொண்டு, தட்டோடு படியிறங்கினார்.