அண்ணனின் தாழ்மையும் என் பேஜாரும்

பெரிய வியாழன் மாலைப் பூசைக்கு முன்னால் எங்கள் தெரு ஆண்கள் கால் கழுவுகிற அழகைப் பார்க்க வேண்டும். ஆண்டவர் தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, அன்று பங்குச்சாமியார் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டு, நகம் வெட்டி, குதிகாலைக் கல்லில் தேய்த்துவிட்டுத்தான் கோயிலுக்கே வருவார்கள். அப்புறம் சாமியார் எதைக் கழுவுவார் என்று கேட்டால் எனக்கு வாய் நீளம் என்பார்கள். இந்தக் கூத்தில் ஒருமுறைகூடச் சேராதவர் என் அண்ணன். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் அவருக்கு வேலை. வருடாவருடம் அவரைக் கூப்பிடுவார்கள். வருடாவருடம் அவர், "எனக்கு இன்னாத்துக்கு, அவர போடுங்க" என்று பக்கத்தில் நிற்பவரை முன்னால் தள்ளிவிடுவார்.

அந்த "எனக்கு இன்னாத்துக்கு" இருக்கிறதே, அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கம்பெனி பஸ்ஸில் சீட்டுக் கிடைத்தால் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வருவார். கல்யாண வீட்டில் இலையில் விழுந்த கறித்துண்டைப் பக்கத்து இலைக்குத் தள்ளுவார். அண்ணி செத்துப்போன பிறகு அவர் எங்கள் வீட்டோடுதான் இருக்கிறார். யாராவது பசி என்று வந்து நின்றால் தன் தட்டை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுவார். தியாகம் அவருடையது. மறுபடியும் உலை வைப்பது நான். இயேசுவுக்கு ஒரே ஒரு சிலுவைதான். எங்கள் அண்ணனுக்கு வாரத்துக்கு ஒன்று வேண்டும்.

இந்த வருடம் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு ஷிப்டு மாறிப்போக, ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. சாமியார் மைக்கிலேயே அண்ணனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கோயிலே திரும்பிப் பார்த்தது. தப்பிக்க வழியில்லாமல் போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் எல்லாம் வெறும் காலோடு இருக்க, இவர் மட்டும் சாக்ஸ் போட்டிருந்தார். முறை வந்தபோது வலது காலை உள்ளே இழுத்துக்கொண்டு இடது காலை நீட்டினார். சாமியார் விடவில்லை. குனிந்து வலது கால் சாக்ஸையும் அவரே கழற்றினார். தண்ணீர் ஊற்றப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

"இது எப்போ ஆச்சு?" என்று மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அவர் கழுத்தில் சின்ன மைக் மாட்டியிருந்ததால் கோயில் முழுக்கக் கேட்டது. அண்ணனின் பதிலும் ஸ்பீக்கரிலேயே வந்தது. "ஒண்ணும் இல்ல ஃபாதர், நீங்க அடுத்தவர பாருங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து நான் எழுந்து ஓடினேன். கட்டைவிரலும் அதற்கடுத்த விரலும் கறுத்துப்போய்க் கிடந்தன. ஏற்கெனவே சுகர் உள்ள உடம்பு. பாடல் குழு என்ன செய்வதென்று தெரியாமல் பாடத் தொடங்கியது. சாமியார் பூசையை நிறுத்த முடியாமல் தன் காரையும் டிரைவரையும் கொடுத்து எங்களை அனுப்பினார். காரில் வைத்துத்தான் அண்ணன் வாயிலிருந்து விஷயத்தைப் பிடுங்கினேன். ஒடிசாவிலிருந்து புதிதாக வந்த ஒருவர் வெறும் செருப்போடு வேலைக்கு நின்றாராம். ஷூ அப்புறம் வரும் என்றாராம் கான்ட்ராக்டர். இவர் தன் சேஃப்டி ஷூவைக் கழற்றி அவருக்குக் கொடுத்துவிட்டுப் பழைய கேன்வாஸ் ஷூவோடு நின்றிருக்கிறார். பழுக்கக் காய்ந்த இரும்புத் துண்டு ஒன்று காலில் விழுந்திருக்கிறது.

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா ஷூ எங்கன்னு கேப்பாங்கமா. அந்தாள ஊருக்கு அனுப்பிடுவாங்க. பொண்டாட்டி புள்ளைங்கள வுட்டுட்டு வந்துகிறாரு."

எனக்கு வந்த கோபத்தில் அழுகைகூட வரவில்லை.

விரல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். பாதம் தங்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. டாக்டர் உள்ளங்காலை அழுத்தி, "வலிக்குதா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், பரவால்ல" என்றார் அண்ணன். "வலிச்சாத்தான் நல்லது. உணர்ச்சி வரலன்னா இன்னும் மேல எடுக்க வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். இப்போது சொல்லுங்கள், நான் என்ன செய்வேன்? நிஜமாகவே மரத்துவிட்டதா, இல்லை டாக்டருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று இவர் மரியாதை பார்க்கிறாரா? முகத்தைப் பார்த்தாலும் தெரியாது. அந்தச் சிரிப்பு எப்போதும் அங்கேதான் இருக்கும். "கொஞ்ச நாள் கழிச்சு வாங்க, பாத்து முடிவு பண்ணலாம்" என்று அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் கட்டு மாற்றுவது என் வேலை. தினமும் ஒரு சண்டை. நேற்றுச் சாயங்காலமும் வெந்நீரோடு போய் உட்கார்ந்தேன். காலைப் புடவைக்குள் ஒளிக்கிற புதுப்பெண் மாதிரி லுங்கிக்குள் இழுத்துக்கொண்டார்.

"நானே பண்ணிக்கிறேன்மா. உனக்கு இன்னாத்துக்கு கஷ்டம்?"

என் பொறுமை அதோடு போயிற்று. "ஊருக்கெல்லாம் வாரிக் குடுக்குற. ஒருத்தர் கையாலயும் எதையும் வாங்கிக்க மாட்ற. ஆண்டவரே வந்து குந்திகினு கால நீட்டுன்னாலும் அடுத்தவர பாருங்கன்னுதான் சொல்லுவ. இதுக்குப் பேரு தாழ்மை இல்லண்ணா. திமிரு!"

அண்ணன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. பிறகு காலை மெல்ல எடுத்து என் மடியில் வைத்தார். புண்ணோடு ஒட்டியிருந்த துணியை நனைத்து, ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.

"ஐயோ! வலிக்குது! மெதுவாடீ!"

அவர் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கே வந்துவிட்டாள். நான் துணியைக் கையில் பிடித்தபடி அந்தக் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"இன்னொரு வாட்டி சொல்லுண்ணா," என்றேன்.