லைன் நின்ற நான்கு விநாடி

செய்தி கம்பெனி பஸ்ஸில் வந்தது. வல்லக்கோட்டை நிறுத்தத்தில் ஏறி உட்கார்ந்து போனைத் திறந்தால், ஷிப்ட் குழுவில் கேன்டீன் சாம்பாரைத் திட்டும் இரண்டு செய்திகளுக்கு நடுவே, "மெயின்டனன்ஸ் எட்வின் அண்ணன் காலமானார், நெஞ்சுவலி" என்று இருந்தது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அதற்கும் கீழே யாரோ மறுபடி சாம்பாருக்குப் போயிருந்தார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இதைப் படிக்கும் ஷிப்ட்காரர்களான உங்களுக்கு அவர் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் காதாலேயே பழுது கண்டுபிடிக்கும் ஆள். எனக்கு அவர் 'லைன் ஓடுது' என்ற ஆல்பத்தைச் செய்தவர். பிரஸ் நிறுவ வந்த ஜெர்மன் இன்ஜினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது அவரிடம் ஒரு பென் டிரைவ் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே அந்த ஊரின் பழைய ராக் இசை. ஒரே தாளம் கால் மணி நேரம் நிற்காமல் ஓடும். அதற்கு மேலே கீபோர்டு பூமியை விட்டு எங்கோ மிதந்துபோகும். "நம்ம புரொடக்ஷன் லைன் மாதிரியே கீது பாபு. ஒண்ணே ஒண்ணு, இதுல டார்கெட் கெடையாது," என்றார் அண்ணன் என்னிடம்.

வல்லம் வடகாலில் ஷீட் கூரை போட்ட ஒற்றை அறை, சத்தத்தை அடக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தை. கீபோர்டு அவர், டிரம்ஸ் நான். பாட்டு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ரெக்கார்டிங். பதினோராவது நிமிடத்தில், ஓவர்டைம் ஓடிக்கொண்டிருந்த பக்கத்துக் கம்பெனியில் சங்கு நீளமாக ஊதியது. என் கை நின்றுவிட்டது. சங்கு கேட்டால் டீக்குக் கையை எடுத்தே பழகிய உடம்பு, தாளத்தையா பார்க்கும்? நான்கு விநாடி கழித்துத்தான் சுதாரித்து மறுபடி அடித்தேன். அண்ணன் கீபோர்டை விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை எடுக்கலாம் என்று கெஞ்சினேன்.

"எதுக்குடா? சங்கு வூதுனா நிக்கும். அதான்டா நம்ம கை. அப்டியே வுடு."

நான் விடவில்லை. தண்டலம் பக்கம் கல்லூரி பேண்டுக்காரன் ஒருவன் கேட்டுவிட்டு, "டிரம்மர் தூங்கிட்டாரா?" என்றான். மானம் போயிற்று. அண்ணனிடம் சொல்லாமல் அந்த நான்கு விநாடியை வெட்டி, வெட்டியதையே இணையத்தில் ஏற்றினேன். அவர் அதை பஸ்ஸில் இயர்போனில் கடைசி வரை கேட்டார்.

"மெஷின்ல கை போயிருந்தா ஈ.எஸ்.ஐ.ல நஷ்டஈடாவது எதுனா கெடச்சிருக்கும். கைய நீயே வெட்டிக்கினியேடா."

அதற்குப் பிறகு ஆல்பத்தைப் பற்றி என்னிடம் அவர் பேசவே இல்லை. மற்றதெல்லாம் வழக்கம்போலப் பேசினார்.

அவர் இறந்த முப்பதாம் நாள் ஸ்ரீபெரும்புதூர் மண்டபத்தில் கம்பெனி இரங்கல் கூட்டம் வைத்தது. பிரஸ் சத்தத்தைப் போனில் பதிவு செய்தார் என்று அவருக்கு மெமோ கொடுத்த அதே ஹெச்.ஆர். அதிகாரி, கூச்சமே இல்லாமல் மைக்கில் "எங்கள் கலைஞன்" என்றார். திரையில் உற்பத்திப் படங்கள், பின்னணியில் எங்கள் இசை. அதிலும் சங்கு ஊதும் இடத்தையே பொறுக்கி எடுத்திருந்தார்கள். சங்கு ஊதியது. டிரம்ஸ் பாட்டுக்கு ஓடியது.

"கவனிச்சீங்களா? சங்கு ஊதியும் எட்வின் தாளத்தை நிறுத்தலை. இந்த டெடிகேஷன்தான் நமக்கு வேணும்."

நீங்கள் கை தட்டினீர்கள். அந்த ஆள் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனால் அந்தப் பொய்யை அந்த அதிகாரி கையில் எடுத்துக் கொடுத்தவன் நான். எழுந்து சொல்லியிருக்கலாம். அவர்கள் கொடுத்த பப்ஸைத் தின்றுவிட்டு வந்தேன். தூ, என்ன பிழைப்பு.

வீட்டுக்கு வந்து பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, வெட்டாத பதிவைக் கேட்டேன். வெட்டியதை இணையத்திலிருந்து நீக்கிவிட்டு இதை ஏற்றியிருக்கிறேன். பதினோராவது நிமிடத்தில் சங்கு ஊதும், தாளம் நிற்கும். அது என் கை. அந்த இடைவெளியில், கீபோர்டுக்குப் பின்னால், ஒருவர் சிரிப்பது கேட்கும். மொத்த ஆல்பத்திலும் எட்வின் அண்ணனின் குரல் இருப்பது அங்கே மட்டும்தான். அதைத்தான் நான் வெட்டி எறிந்திருந்தேன்.