பல் டாக்டர் ஒட்டிய பிடில்

வாயைப் பிளந்து கிடப்பவரிடம்தான் அவர் கேள்வி கேட்பார். "பிடிலோட மேல்பலகை கீறல் விட்டிருக்கு. பல்லுக்கு வைக்கிற சிமெண்டையே வெச்சு ஒட்டிடலாம் இல்ல?" நாற்காலியில் சாய்ந்திருந்தவர் "ஆ" என்றார். "பாருங்க, ஆமாங்கறார்," என்று நர்சம்மாவிடம் சொன்னார் டாக்டர். நூறு வயதைத் தாண்டிய அந்தப் பிடில், ஒரு கடைவாய்ப் பல்லின் சம்மதத்தோடு அன்றே ஒட்டப்பட்டது.

பிடில் அத்தையுடையது. அத்தை போன பிறகு, எழுதி வைத்திருந்தபடி, உடன்பிறந்தவரின் மகனான டாக்டருக்கு வந்தது. குடும்பத்தில் வாசிக்கத் தெரிந்தவர் டாக்டரின் அக்கா ஒருவர்தான்; அவருக்குப் போகவில்லை. காரணம் கேட்டால் டாக்டர் காதைத் தொட்டுக் காட்டுவார். "எனக்கு சங்கீதம் செவிடன் காதுல ஊதின சங்கு. எங்கிட்ட இருந்தா யாரும் அதைத் தொந்தரவு பண்ண மாட்டாங்கன்னு அத்தை நெனச்சிருப்பாங்க." அக்கா அடுத்த பல்வலிக்கு வேறு டாக்டரிடம் போனார். அதுதான் இவருக்குச் சுருக்கென்று தைத்தது.

மதிய இடைவேளையில், சாப்பாட்டு டப்பாவை ஓரம் தள்ளிவிட்டு, நோயாளிக்குக் கட்டும் நீலத் துணியைப் பிடிலின் கழுத்தில் கட்டுவார். வில்லிலிருந்து உதிர்ந்து இறுகிய பிசினுக்கு அவர் வைத்த பெயர் 'காறை'. தந்தி முறுக்கும் பிரடைகளின் தேய்ந்த துளைகள் 'சொத்தை'. எல்லாம் சுத்தமானதும், தன் கைவண்ணத்தை மெச்சச் சொல்லி, வாத்தியங்களைப் பழுதுபார்க்கும் ஓர் அம்மாவிடம் எடுத்துப் போனார்.

அந்த அம்மா பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். "இதை ஒட்டினது யாரு?"

"ஒரு முட்டாள்."

"எங்க இருக்கான்?"

"உங்க எதிர்லதான்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "பின்னால வர்றவன் திறந்து பாக்கற மாதிரி ஒட்டணும் சார். திறக்கவே வராத பசை போட்டா அது ரிப்பேர் இல்ல, சமாதி. நீங்க வெச்சதை நீங்களே எடுங்க. சுரண்டறதுக்கு உங்ககிட்ட இருக்கற ஊசி என்கிட்ட இல்ல."

பத்து நிமிடத்தில் பல்லைப் பிடுங்கிவிடும் கை, ஒரு சாண் கீறலோடு ஏழு மாதம் மல்லுக்கட்டியது. கொஞ்சம் அழுத்தினால் மரம் போய்விடும். "நான் கட்டின பல்லெல்லாம் ரெண்டு வருஷத்துல கழண்டு வருது. இது மட்டும் உடும்புப் பிடியா நிக்குது," என்று வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினார். சிலர் பாதி வைத்தியத்தில் எழுந்து போனார்கள்.

கடைசியில் அந்த அம்மா பழைய முறைப் பசையைக் காய்ச்சி ஒட்டி, புதுத் தந்தி பூட்டிக் கொடுத்தார். டாக்டர் அக்காவுக்குப் போன் போட்டார்.

"கிளினிக் வரைக்கும் வர்றியாக்கா?"

"எனக்குப் பல்லு வலிக்கலையே."

"எனக்குத்தான் வலிக்குது."

மறுநாள் காலை அக்கா வந்தார். காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்து, சுருதி சேர்த்து, மெதுவாக வாசிக்கத் தொடங்கினார். நன்றாக இருக்கிறதா என்று டாக்டருக்குத் தெரியவில்லை. எதிரே இருந்தவர் வீங்கிய கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டதைத்தான் பார்த்தார். பாதியில் அக்கா வில்லை நிறுத்தினார்.

"இந்த எடத்துல கரகரங்குதே."

"என் சிமெண்ட்தான் அக்கா. ஒரு துணுக்கு உள்ளேயே தங்கிடுச்சு. நோண்டினா பலகை போயிடும்னாங்க."

அக்கா அந்த இடத்தைத் திரும்ப ஒரு தரம் வாசித்துக் கேட்டார். "இருக்கட்டும். நீ பாடினாலும் இப்படித்தான் இருக்கும்."

வாசித்து முடித்ததும் பிடிலைப் பெட்டியில் வைத்து மூடி, தம்பியிடம் நீட்டினார். டாக்டர் அதை வாங்கிக்கொண்டு தன் அறைப் பக்கம் திரும்பவில்லை. நேரே வாசலுக்குப் போய், அக்காவின் கார்க் கதவைத் திறந்து, முன் இருக்கையில் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சீட் பெல்ட்டை மாட்டி, அது கழலாமல் நிற்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.