வெள்ளையாய்ப் போன ஷேடு கார்டு

மதியம் பெயின்ட் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால், குளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பது போல ஒரு வெளிச்சம் உள்ளே தங்கும். அடுக்கிவைத்த டின்களுக்குப் பின்னால் கணவர் கண்ணயர்ந்திருப்பார். அவள் மட்டும் கல்லாவுக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டர் முன்னால், கன்னத்தில் கை வைத்தபடி நிறங்களுக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருப்பாள்.

கம்பெனிக்காரர்கள் நிறங்களுக்கு எண் கொடுப்பார்கள். அவளுக்கு அது பிடிப்பதில்லை. கலக்கும் இயந்திரத்தில் ஒரு சொட்டு கூட்டி, ஒரு சொட்டு குறைத்து, தானே புதிது புதிதாக உண்டாக்குவாள். அரைத்தூக்க நீலம். மழை விட்ட மஞ்சள். ஆறிய பால். ரோஜாவும் வெள்ளையும் கலந்த மாதிரி ஒன்று. அதன் பெயர் பூனை வயிறு.

"பூனை வயிறு நாலு லிட்டர்னு பில் போட்டா, ஆடிட்டர் என்னைத்தான் பைத்தியம்னு நினைப்பான்" என்பார் கணவர்.

"உங்களை எப்பவோ நினைச்சாச்சு. அதுக்கு என் பூனையை ஏன் இழுக்கறீங்க?"

நிறங்களைக் காட்டும் ஷேடு கார்டு மாதிரி, கடைக்கு ஒரு வலைப்பக்கமும் வைத்திருந்தாள். இலவசப் பாடங்களைப் பார்த்து அவளே கட்டியது. மூன்று மூன்றாக நிறக் கட்டங்கள், மழுங்கிய ஓரங்கள், அடியில் பெயர். பின்னணியில் வானம். பக்கத்தை மேலிருந்து கீழே நகர்த்தினால் விடியல் மெல்ல வெளுத்து, நடுவில் பகலாகி, கடைசிக் கட்டத்தில் இருட்டும். வேலையில்லாத மதியங்களில் அவளே அதை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருப்பாள். எத்தனை முறை விடிந்தாலும் அலுக்காது.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கு வண்ணம் அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. மகள் சின்னவளாக இருந்தபோது தொடை எலும்பு முறிந்து அந்த வார்டில்தான் ஒரு கோடை முழுக்கக் கிடந்தாள். பக்கத்து ஸ்டூலில் இவள். எதிரே ஒரு பச்சைச் சுவர்; நோய் வந்தவர்களுக்கென்றே காய்ச்சி எடுத்தது போல ஒரு பச்சை. அதை மாற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தாள். வெளியூரில் படிக்கும் மகளிடம் போனில் சொன்னபோது, "எனக்கு அந்தச் சுவரே ஞாபகம் இல்லம்மா. நீ விசிறிக்கிட்டே தூங்கினதுதான் ஞாபகம்" என்றாள்.

வார்டின் ஹெட் நர்ஸ் அவள் அனுப்பிய வலைப்பக்கத்தைப் போனில் பார்த்துச் சொக்கிப்போயிருந்தார். ஆனால் முடிவெடுப்பது ஆஸ்பத்திரிக் கமிட்டி. கமிட்டிக்கு வலைப்பக்கம் எல்லாம் ஆகாது. பிடிஎஃப்தான் வேண்டும், பிரின்ட் எடுத்து மேஜையில் பரப்பிப் பார்ப்பார்கள்.

அதற்கென்ன என்று, பிரவுசரில் பிரின்ட் அழுத்தி, பிடிஎஃப் ஆகச் சேமித்து, உடனே அனுப்பிவிட்டாள். திறந்துகூடப் பார்க்கவில்லை. திரையில்தான் அத்தனை அழகாக இருக்கிறதே.

மறுநாள் ஹெட் நர்ஸ் கூப்பிட்டார். குரலில் பாதி சிரிப்பு, பாதி கவலை.

"மேடம், எல்லாக் கட்டமும் வெள்ளையா இருக்கு. கீழே பேரு மட்டும் வரிசையா நிக்குது. கமிட்டியில ஒருத்தர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, பூனை வயிறுன்னா என்னன்னு கேக்கறாரு."

"ஐயய்யோ. நீங்க என்ன சொன்னீங்க, சிஸ்டர்?"

"வெள்ளைப் பூனை சார்னு சொன்னேன். வேற என்னத்தைச் சொல்ல? நாளைக்குச் சாயங்காலம் மறுபடி உக்காருவாங்க. அதுக்குள்ள ஒழுங்கா ஒண்ணு அனுப்புங்க."

மானம் போன சூட்டில் அவள் இலவசக் கருவிகளைத் தேடத் தொடங்கினாள். முதலில் கிடைத்தது ஒரு தளம். வலைப்பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் போதும், பிடிஎஃப் ஆக்கிக் கையில் தரும். தந்தது. நிறங்கள் அப்படியே இருந்தன. ஆனால் ஒவ்வொரு தாளின் குறுக்கேயும் தன் பெயரைச் சாய்வாக அச்சடித்திருந்தது. கட்டங்களுக்கு அடியில் தமிழ் இருந்த இடத்தில் காலிப் பெட்டிகள். அடுத்து, கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளும் ஒரு மென்பொருள். இலவசம், முத்திரை கிடையாது, தமிழும் வந்தது. ஆனால் அது பழைய காலத்து ஆசாமி. மூன்று மூன்றாக நிறுத்தத் தெரியாமல் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக விட்டது. தாள் தாளாக ரயில் மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

"காசு கொடுத்து ஒண்ணு வாங்கித் தொலையேன்" என்றார் எழுந்து வந்த கணவர்.

"மாசாமாசம் அழணும்ங்க. எப்பவோ ஒரு தடவைக்கு எதுக்கு?"

கடைசியில் தன் பிரவுசருக்கே திரும்பினாள். பிரின்ட் பெட்டியில் 'மேலும்' என்பதைத் திறந்தால், பின்னணியையும் அச்சிடு என்று ஒரு சின்னக் கட்டம், டிக் இல்லாமல். மை வீணாகக் கூடாதென்று பிரவுசர் தானாகவே நிறங்களை விட்டுவிடுமாம். டிக் போட்டாள். கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. ஒன்று மட்டும் தாளின் விளிம்பில் இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. கட்டத்தை உடைக்காதே, நிறத்தை விடாதே என்று பக்கத்தின் ஸ்டைல் கோடில் இரண்டு வரி சேர்த்தாள், அதுவும் சரியானது.

வானம்தான் சரியாகவில்லை. திரையில் ஒரே நீளமாக இருந்த நாள், தாளில் துண்டு துண்டாகிவிட்டது. ஒவ்வொரு தாளிலும் புதிதாக விடிந்து, புதிதாக இருட்டியது. இருட்டுக்குப் பக்கத்தில் விழுந்த கட்டங்களின் நிறமும் கண்ணுக்கு மாறித் தெரிந்தது. என்ன செய்தும் அது ஒட்டவில்லை.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அச்சுக்கு மட்டும் வானத்தை எடுத்துவிட்டாள். வெறும் வெள்ளையில் அவளுடைய நிறங்கள். இந்த முறை திறந்து பார்த்தாள். தன் போனில், கணவர் போனில், பிறகு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கலர் பிரின்ட் எடுத்தும் பார்த்தாள். தாளில் மஞ்சள் கொஞ்சம் மங்கல்தான். நீலம் தேவலாம். அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து ஹெட் நர்ஸே கடைக்கு வந்தார், செருப்பை வாசலில் விடலாமா வேண்டாமா என்று தயங்கியபடி.

"சுவருக்குப் பழைய பச்சையேதான், மேடம். அழுக்கு தெரியாதாம். நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

அவள் துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள்.

"அப்புறம் கேட்டேன், படுத்திருக்கற புள்ளைங்க சுவரையா சார் பாக்கும், கூரையைத்தானேன்னு. கூரையைப் பத்தி யாருமே யோசிக்கலை. உங்க பேப்பரைத் தூக்கி என்கிட்ட போட்டு, நீயே பாத்துக்கோன்னுட்டாங்க. எந்தக் கலர் மேடம்?"

அவள் நிமிர்ந்தாள்.

"அரைத்தூக்க நீலம்" என்றாள்.

வண்ணம் அடித்த அன்று மத்தியானம் வார்டுக்குப் போனாள். குழந்தைகளை வேறு மாடிக்கு மாற்றியிருந்தார்கள். கட்டில்கள் மேல் பிளாஸ்டிக் விரிப்பு. சுற்றிலும் அதே பச்சை. சாரத்தின் மேல் பெயின்டர் ரோலரை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஒரு கட்டிலில் மல்லாந்து படுத்தாள்.

திரையில் பார்த்த நீலம் இல்லை இது. தாளில் வந்த நீலமும் இல்லை. ஈரமாக இருந்த பக்கம் ஆழமாகவும் காய்ந்த பக்கம் மெலிந்தும், நடுவில் எங்கேயோ ஒன்று மற்றொன்றாகிக்கொண்டும் இருந்தது. அது எந்த இடம் என்று தேடத் தேடக் கண் சொருகியது.

"அக்கா, சொட்டும்! எந்திரிங்க, அந்தக் கட்டிலுக்கு மேலதான் அடுத்து அடிக்கணும்."

"அடிங்க" என்று அவள் அடுத்த கட்டிலுக்கு மாறிப் படுத்துக்கொண்டாள்.